காரைக்குடிக் கடையும் ஊரார் கேட்ட பாட்டும்



ஆண்டு முடியுங் காலத்தில் கல்லூரி விடுதிகளிலும் நண்பர் கூட்டங்களிலும் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இவ்வாண்டு வந்த இசைத் தொகுதிகளுள் உனக்கு மிகவும் பிடித்தவை எவை?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் பத்துப் பெயர்களைச் சொல்லுகிறார். மூன்றாமவர் அவற்றுள் இரண்டை மறுத்து, தம் பங்குக்கு வேறு இரண்டைச் சேர்க்கிறார். பேச்சு நள்ளிரவு வரையில் நீளுகிறது. பெரியவர்கள் இதனை இளமையின் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதும் உண்டு. ஆயின் இவ்வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் சிறந்ததொரு பகுதி நம் செட்டிநாட்டிலே, காரைக்குடியிலே நிகழ்ந்தது. ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய வினாவும் அதனோடு சேர்ந்தே எழுந்தது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் 'இசைத் தொகுதி' என்பது எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம். நீங்கள் ஆல்பம் என்று வழங்கும் அச்சொல், முற்காலத்தில் உண்மையாகவே ஒரு புத்தகத்தைக் குறித்தது. பழைய இசைத்தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது. அவ்வரக்கை உலகுக்குப் பெரும்பாலும் வழங்கிய நாடு இந்தியாவே. தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். நீண்ட இசை ஒன்றைப் பதிய வேண்டுமாயின் பல தட்டுகள் தேவைப்பட்டன. அத்தட்டுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, உறைகளை ஒன்றாகத் தைத்து அட்டை கட்டினார்கள். 1909 ஆம் ஆண்டில் ஓடியன் நிறுவனத்தார் ருசிய இசைவாணர் சைக்காவ்ஸ்கியின் இசையை நான்கு தட்டுகளாக இவ்வாறு வெளியிட்டார்கள். படங்களை ஒட்டி வைக்கும் புத்தகம் போன்று தோன்றியமையால் அதற்கும் அப்பெயரே நிலைத்தது. தட்டு மறைந்து, பாட்டு கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட இந்நாளிலும் அப்பெயர் மட்டும் மறையவில்லை.

நம் நாட்டில் 1902 ஆம் ஆண்டில் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கோஹர் ஜான் முதலிய பாடகர்களின் குரலைப் பதிந்தார். 1908 ஆம் ஆண்டில் அந்நகரிலேயே தட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றும் எழுந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள் கிராமபோன் பெட்டி தமிழ்நாட்டுப் பெரிய வீடுகளிலும் புகுந்தது. சாவி கொடுத்து முடுக்கி, ஊசியைத் தட்டின்மேல் மெல்ல இறக்கினால், எங்கோ இருப்பவர் குரல் கூடத்தில் ஒலிக்கும்! அக்காலத்தார் அடைந்த வியப்பை நாம் இன்று எண்ணிப் பார்ப்பதே அரிது. அவ்வியப்பு மட்டுமன்று, அப்பெட்டியால் நாம் பெற்ற பேறும் பெரிது. எஸ். ஜி. கிட்டப்பா முப்பது வயதையும் எட்டாமல் 1933 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நடித்த மேடைகள் போயின. ஆனால் அவருடைய குரலைத் தட்டுகள் காத்துத் தந்தன. அவரைக் கண்டிராத தலைமுறைகள் பல அக்குரலைக் கேட்டுவிட்டன.

இனிக் காரைக்குடிக்கு வருவோம்.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் என்பவர் 'ஏ.வி. அண்டு சன்ஸ்' என்ற பெயரால் ஒரு கடை நடத்தி வந்தார். பல்வகைப் பண்டங்களோடு இசைத்தட்டுகளும் அங்கே விற்பனையாயின. அவருடைய மகனார் மெய்யப்பர் 1907 ஆம் ஆண்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு இளமையிலேயே தந்தையாரின் கடையில் அமர்ந்தார். பிற்காலத்தில் ஏவி.எம். என்ற மூன்றெழுத்தால் நாடெங்கும் அறியப்பட்டவர் அவரே.

இசைத்தட்டுக் கடை என்பது மற்றக் கடைகளைப் போன்றதன்று. அரிசி வாங்குவோன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் போதும். தட்டு வாங்குவோனோ கேட்டுப் பார்த்தாலன்றி வாங்க மாட்டான். அவன் கேட்கும்போது கடையில் நிற்பவர் அனைவரும் கேட்கிறார்கள். ஒருவர் தலையசைக்கிறார், ஒருவர் முகம் சுளிக்கிறார், "இதைவிடச் சென்ற மாதம் வந்த தட்டு நன்றாயிருந்தது" என்கிறார் இன்னொருவர். எனவே தட்டு விற்கும் பலகை, ஊராரின் சுவை வெளிப்படும் சபையாகவும் ஆகிவிடுகிறது. அப்பலகைக்குப் பின்னே நிற்கும் இளைஞன் கூரிய அறிவுடையவனாயின், எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத ஒரு கல்வியை அங்கே பெறலாம். எவ்வகைப் பாட்டை மக்கள் ஒருமுறை கேட்டு விட்டுவிடுகிறார்கள், எதனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதே அக்கல்வி.

மெய்யப்பர் விற்பதோடு நின்றுவிடவில்லை. சென்னைக்குச் சென்று, 1930களின் தொடக்கத்தில், நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இசைத்தட்டுகளைத் தாமே வெளியிடலானார். பின்னர்த் திரைப்படத்திலும் இறங்கினார். 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்படமாகிய 'அல்லி அர்ஜுனா' பொருள் இழப்பையே தந்தது. ஆயினும் அவர் தம் செவியை நம்புவதைக் கைவிடவில்லை. 1938 இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைக் கொண்டு பின்னணி பாடச் செய்தார். 1945 இல் வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் கதாநாயகியின் பாட்டு நிறைவளிக்காமையால், பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிந்து சேர்த்தார். காதில் விழும் பாட்டு சரியாக இல்லையேல் கண்ணுக்கு எத்துணை அழகு காட்டினாலும் பயனில்லை என்ற முடிவு, இசைத்தட்டுக் கடையில் வளர்ந்த ஒருவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும் அன்றோ?

கிராமபோன் வைத்திருந்தோர் ஊரில் சிலரே. பாட்டைக் கேட்டோரோ பலர். பெரிய வீட்டின் முகப்பில் பெட்டி பாடினால் தெருவில் செல்வோரும் நின்று கேட்பார்கள். ஒலிபெருக்கி வந்தபின் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் தட்டு வைத்துப் பாடச் செய்வது வழக்கமாயிற்று. எந்தத் தட்டை முதலில் வைப்பது, எதனை மீண்டும் வைப்பது என்பதில் சிறுவர் முதல் பெரியோர் வரை அனைவரும் கருத்துச் சொல்வார்கள். விலை கொடுத்து வாங்கியவன் ஒருவனேயாயினும், பாட்டைப் பெற்றவர்கள் ஊரார் அனைவரும்.

கேட்போரின் விருப்பத்துக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்குச் செட்டிநாட்டு வரலாறே மற்றொரு சான்றும் தருகிறது. அந்நாளில் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே பெரும்பகுதி இடம் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் கடைப்பகுதியில் 'துக்கடா' என்ற பெயரோடு சில நிமிடம் ஒலித்தன. பொருள் விளங்கும் பாட்டைக் கேட்க விரும்பியவர்கள் பாடகருக்குத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இக்குறையைத் தம் குறையாகவே கொண்டார். 1941 ஆம் ஆண்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943 ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. எதிர்ப்பும் எழாமலில்லை, இசைக்கு மொழி தடையாகாது என்று அறிஞர் பலர் வாதிட்டனர். அவ்வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும் "எங்களுக்கு விளங்கும் மொழியிலும் பாடுங்கள்" என்று கேட்போர் கேட்டது நியாயமே. தனித்தனியே அனுப்பப்பட்ட துண்டுச் சீட்டு, அனைவரும் சேர்ந்து அனுப்பியபோது இயக்கமாயிற்று.

இப்பொழுது நம் வரலாற்றின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். 1919 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாரதியார் செட்டிநாட்டுக்கு வந்தார். கானாடுகாத்தானில் அன்பர் வீட்டில் தங்கினார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் சென்று, அச்சங்கத்தை வாழ்த்திப் பாடினார். கையில் கோலோடு அவர் நிற்கும் புகழ்பெற்ற நிழற்படம் காரைக்குடியில் அப்போது எடுக்கப்பட்டதே. அவருடைய தோற்றத்தை நாம் அறிவதற்குக் காரைக்குடி இவ்வாறு உதவிற்று. ஆனால் அவர் குரல் எவ்வாறிருக்கும்? அதனை அறிய வழியில்லை. தம் பாடல்களுக்குத் தாமே மெட்டமைத்து முழங்கிப் பாடிய அம்மகாகவியின் குரல் எந்தத் தட்டிலும் பதியப்படவில்லை. காரைக்குடிக்கு வந்து சென்ற இரண்டே ஆண்டுகளுக்குள், 1921 செப்டம்பரில், அவர் மறைந்தார்.

குரல் மறைந்தது, பாட்டு மறையவில்லை. விடுதலைப் போராட்ட ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் நாடக மேடைகளிலும் மக்கள் அப்பாடல்களைப் பாடினார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் பாட்டும் ஓர் உடைமையே. பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை 1930களில் ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகரின் கைக்குச் சென்றது. மெய்யப்பச் செட்டியார் அவ்வுரிமையைப் பின்னர் விலை கொடுத்து வாங்கினார். இசைத்தட்டு வணிகத்தில் தேர்ந்த அவர், அப்பாடல்கள் மக்கள் நெஞ்சில் பெற்றிருந்த இடத்தை நன்கு அறிந்திருந்தார்.

அக்காலத்தில் அவருடைய படப்பிடிப்பு நிலையம் காரைக்குடியிலேயே இருந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் அமைத்து, நடிகர்களும் இசைவாணர்களும் தொழிலாளர்களும் ஒரு சிற்றூர் போல் அங்கே வாழ்ந்து உழைத்தார்கள். ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவிய 'நாம் இருவர்' என்ற படம் அங்கே உருவாகி 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசையமைத்தார், பாரதியாரின் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாடினார், சிறுமி கமலா ஆடினார். விடுதலை வருவதற்குச் சில மாதங்கள் எஞ்சியிருந்தபோதே, அது வந்துவிட்டதாகக் களிக்கும் பாரதியின் பாட்டு கொட்டகைகளில் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு உண்மையாகவே விடுதலை பெற்றபோது, பட்டம்மாள் சென்னை வானொலியில் பாரதியின் பாடலைப் பாடினார். 1947 ஆம் ஆண்டில் தமிழர்க்குப் பிடித்த பாட்டு எது என்று அன்று ஒருவர் பட்டியல் எழுதியிருந்தால், காரைக்குடிக் கொட்டகையில் பிறந்த அப்பாடல்களை விட்டுவிட்டு எழுதியிருக்க முடியுமா?

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பாட்டு எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. உரிமையோ ஒருவர் கையில் இருக்கிறது. டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியாரின் பாடல் இடம்பெற்றபோது, 1948 ஆம் ஆண்டில், அதனைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கு மூண்டது. பாரதியின் பாட்டைப் பாடத் தமிழன் யாரிடம் அனுமதி கேட்பது என்று நாடு கொதித்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் பாரதி நூல்களின் விடுதலைக்காகக் குரல் எழுப்பினார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றோர் அதற்காக அலைந்து பாடுபட்டார்கள்.

வணிகரின் பக்கத்தையும் நாம் நடுநிலையோடு பார்த்தல் வேண்டும். அவர் விலை கொடுத்தே உரிமையை வாங்கினார். அவர் வெளியிட்ட படமும் தட்டுகளும், ஏடு படிக்க அறியாத மக்களிடத்திலும் அப்பாடல்களைக் கொண்டு சேர்த்தன. ஆயின், கொண்டு சேர்த்தவர் வழியை அடைத்துக்கொள்ளலாகாது. அதனை அவரும் உணர்ந்தார். 1949 ஆம் ஆண்டில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை அரசாங்கம் பாரதியின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்க முன்வந்தபோது, மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1955 ஆம் ஆண்டில் அப்படைப்புகள் முற்றிலும் மக்களுடையவை ஆயின. ஒரு கவிஞரின் எழுத்துரிமையை அரசாங்கமே ஏற்று அனைவருக்கும் வழங்கிய இச்செயல் உலகில் மிக அரியது.

இதற்குக் காரணமாயிருந்தது யாது? அரசாங்கத்தின் ஆணை பின்னால் வந்தது. அதற்கு முன்பே அப்பாடல்களை ஒருவர்க்கொருவர் பாடிக் காட்டி, "இதைக் கேள்" என்று சொல்லிச் சொல்லிப் பரப்பிய எண்ணற்ற மக்களே அவற்றைப் பொதுச் சொத்தாக்கிவிட்டார்கள். சட்டம் அதனைப் பதிவு செய்தது.

கேட்போர் தம் விருப்பத்தை ஒருங்கே தெரிவிக்க வானொலி புதிய வாயில் ஒன்றைத் திறந்தது. 1952 ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத் மாலா' என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சி தொடங்கிற்று. அமீன் சயானி அதனை நடத்தினார். ஆண்டு முடிவில் அவ்வாண்டின் சிறந்த பாடல்களை அவர் வரிசைப்படுத்தி ஒலிபரப்புவார். தட்டுகளின் விற்பனையோடு நேயர்களின் விருப்பமும் அவ்வரிசைக்கு அடிப்படையாயிற்று. கடிதங்கள் மலைபோற் குவிந்தன. அக்காலத்து இலங்கை வானொலிக்கும் விவித பாரதிக்கும் ஓயாமல் விருப்பக் கடிதம் எழுதியே பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற சிற்றூர் அது. நம் தென்பாண்டி நாட்டிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேளாத தெரு அருமை. தம் பெயர் வானொலியில் வந்ததா, தாம் கேட்ட பாட்டு ஒலித்ததா என்று அஞ்சலட்டை எழுதியவர்கள் காத்திருந்தார்கள்.

விற்பனைக் கணக்கு என்பது வேறு; விருப்பப் பட்டியல் என்பது வேறு. அமெரிக்க நாட்டில் 'பில்போர்டு' என்ற இதழ் 1945 ஆம் ஆண்டு முதல் இசைத் தொகுதிகளின் விற்பனை வரிசையை வெளியிட்டது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை அவ்வகை வரிசை காட்டும். ஏன் வாங்கினார்கள், வாங்கியபின் எத்தனை நாள் கேட்டார்கள், எந்தத் துயரத்தில் அப்பாட்டு அவர்களுக்குத் துணை நின்றது என்பதை அது காட்டாது. அதனை ஒரு நண்பன்தான் மற்றொரு நண்பனுக்குச் சொல்ல முடியும்.

இக்காலத்தில் உங்கள் நிலை அக்காலத்தாரைவிட வளமானது. முகப்பு வாயிலில் நின்று ஒரே தட்டை மீண்டும் மீண்டும் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. கோடிக்கணக்கான பாடல்கள் கைக்குள் அடங்கியுள்ளன. நீங்கள் கேட்டவற்றை எண்ணி, ஆண்டு முடிவில் இயந்திரமே உங்களுக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்துவிடுகிறது. வசதி பெரிதுதான், அதனோடு ஓர் இழப்பும் உண்டு. இயந்திரம் நீங்கள் கேட்ட எண்ணிக்கையை அறியும். ஒருமுறை மட்டும் கேட்டு, கண்ணீர் பெருகி, மறுமுறை கேட்க அஞ்சிய பாட்டை அறியாது. நீங்கள் முன்பு கேட்டதைப் போன்றதையே மேலும் தரும்; உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், "இதனைக் கேட்டுத்தான் பார்" என்று வற்புறுத்தும் தோழனின் உரிமை அதற்கு இல்லை.

ஆகையால் மாணவர்களே, இவ்வாண்டு முடிவில் நீங்கள் பட்டியல் எழுதும்போது சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். பிறர் மெச்சுவதற்காக ஒரு பெயரையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடியவர் பெயரோடு, பாட்டை எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் கருவி வாசித்தவர் பெயரையும் தேடி எழுதுங்கள். பாரதியின் பாட்டை உரிமையின் பெயரால் சிலர் காத்துக்கொண்டபோது, அதனை எழுதியவர் குடும்பம் வறுமையில் வாடிய நாள்கள் உண்டு. உங்கள் ஊரில் பாடுகின்ற, எந்த நிறுவனமும் வெளியிடாத ஒரு பாட்டுக்கும் அப்பட்டியலில் இடம் கொடுங்கள். பாரதியின் குரலைப் பதிந்து வைக்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று பதியும் கருவி உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. உங்கள் பாட்டியார் நடவு வயலில் பாடிய பாட்டும், தாலாட்டிய குரலும் பதியப்படாமலே போய்விட்டால், நாளை வருபவர்கள் நம்மை மன்னிப்பார்களா?

காரைக்குடிக் கடைப் பலகையில் அன்று சுழன்ற தட்டுகள் உடைந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். அவற்றைச் சுற்றி நின்று, "இது நன்று, இதனைக் கேளுங்கள்" என்று சொன்னவர்களால் வாழ்ந்த பாட்டு வாழ்கிறது. அச்சொல்லை நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். பிறர் சொல்லும்போது பொறுமையோடு செவி கொடுங்கள்.